லாந்தனம் குளோரைடு: முதல் தடவை பாட்டிலைத் திறப்பவருக்கு

மண், தண்ணீர், பால், தீவனம் என்று எதையாவது பரிசோதிக்கும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சில நாட்களிலேயே ஒரு குழப்பம் வரும். பாலில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்று சின்ன வயதிலிருந்து படித்திருப்பார். கருவியோ ரொம்பக் குறைத்துக் காட்டும். திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாலும் அதே எண்தான். பக்கத்து மேஜையில் இருக்கும் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "லாந்தனம் ஊத்துனியா?"

அந்த லாந்தனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அலமாரியில் இருக்கும் பாட்டிலின் முழுப் பெயர் லாந்தனம் குளோரைடு. அருமண் உலோகங்களில் ஒன்றான லாந்தனத்தின் உப்பு. ஆய்வகத்தார் மட்டுமல்ல, நீச்சல் குளம் பராமரிப்பவர்களும் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் இதையே வேறு வேறு பெயர் ஒட்டிய புட்டிகளில் வாங்குகிறார்கள். மூன்று தரப்பாருக்கும் வேண்டியது இதன் ஒரே குணம்தான். ஃபாஸ்பேட்டைக் கண்டால் லாந்தனம் விடாது. ஒட்டிக்கொண்டு, கரையாத வெள்ளைத் தூளாக அடியில் உட்கார்ந்துவிடும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால், இதை எதற்குப் பயன்படுத்துகிறோம், எங்கே சொதப்பும், உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடலாம்.

மணலிலிருந்து பாட்டிலுக்கு

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அலை ஒதுக்கிவிட்டுப் போகும் இடத்தில் மணல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பு இல்மனைட். அதன் நடுவே தேன் நிறத்தில் மின்னும் சின்னச் சின்னக் குருணைகள்தான் மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையோரத்தில் அதைக் கண்டறிந்தார். அப்போது யாருக்கும் லாந்தனம் தேவைப்படவில்லை. கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் மணலை அள்ளினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. மோனசைட்டை உடைத்துப் பிரிக்கும் ஆலை 1952இல் கேரளத்தின் ஆலுவாவில் வந்தது. இப்போது மணலை உடைக்கும் வேலை ஒடிசாவின் சத்ரபூரில் நடக்கிறது.

மோனசைட் என்பது வேதியியல்படி அருமண் ஃபாஸ்பேட். அதாவது லாந்தனமும் சீரியமும் நியோடைமியமும் ஃபாஸ்பேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கும் கல். அந்தப் பிடியை விடுவிக்க மணலை மாவாக அரைத்து, காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைக்க வேண்டும். ஃபாஸ்பேட், டிரைசோடியம் ஃபாஸ்பேட்டாகக் கழன்று தனியே போகும். மிஞ்சும் ஹைட்ராக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் தோரியம் பின்தங்கி, கலப்பு அருமண் குளோரைடு கிடைக்கும். அந்தக் கலவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதில்தான் ஆலையின் பாடு இருக்கிறது. நாமோ அப்படிப் படாதபாடு பட்டுப் பிரித்த லாந்தனத்தை மறுபடியும் ஃபாஸ்பேட்டோடு சேர்த்துவைக்கத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்!

புதிதாக வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்று உண்டு: "சார், இதில் கதிர்வீச்சு இருக்குமா?" நியாயமான கேள்விதான். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால் அந்த மணலுக்குக் கதிரியக்கம் உண்டு. சட்டமும் அதை அணுசக்திக்கு உரிய பொருளாக வைத்திருக்கிறது. ஆனால் பிரித்துச் சுத்தம் செய்த லாந்தனம் குளோரைடு வேறு. இயற்கை லாந்தனத்தில் 0.09 சதவீதம் மட்டும் லாந்தனம்-138 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் சுமார் 10,000 கோடி ஆண்டு. இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளுக்காக ஆய்வகத்தில் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன, வருகிறேன்.

முதலில் லேபிள்

பாட்டிலைத் திறக்குமுன் லேபிளை நிதானமாகப் படியுங்கள். மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, குளோரைடா நைட்ரேட்டா என்பது. இரண்டுமே வெள்ளைப் படிகம், இரண்டுமே லாந்தனம். ஆனால் நைட்ரேட் ஓர் ஆக்சிஜனேற்றி. காகிதம், ஆல்கஹால் போன்ற எரியும் பொருட்களுக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. அலமாரியில் இரண்டுக்கும் ஒரே இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு, நீர் சேர்ந்ததா நீரற்றதா என்பது. சாதாரணமாகக் கிடைப்பது ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த ஹெப்டாஹைட்ரேட். இதன் மூலக்கூற்று எடை 371.4. நீரற்றதன் எடை 245.3. ஒன்றுக்குப் போட்ட கணக்கில் இன்னொன்றை நிறுத்தால் கரைசலின் திறன் ஒன்றரை மடங்கு எகிறும், அல்லது அதே விகிதத்தில் இறங்கும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது: ஹெப்டாஹைட்ரேட்டுக்கு 10025-84-0, நீரற்றதற்கு 10099-58-8.

மூன்று, தரம். ஏ.ஏ.எஸ். எனப்படும், கால்சியம் போன்ற உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியின் வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால், "கால்சியம் குறைந்த" தரம் என்று எழுதியிருக்க வேண்டும். கால்சியத்தை அளக்க உதவுவதற்காகச் சேர்க்கும் பொருளிலேயே கால்சியம் கலந்திருந்தால் என்ன பிரயோஜனம்? மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கிலோ வாங்கிவிட்டு, அப்புறம் மாதிரி எதுவுமே போடாத வெறும் கரைசல் கால்சியம் காட்டுவதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஈரம்தான் முதல் எதிரி

நல்ல நிலையில் இருக்கும் ஹெப்டாஹைட்ரேட் பார்ப்பதற்குக் கல்லுப்பு மாதிரி இருக்கும். நிறமில்லாமல், அல்லது வெள்ளையாக, கட்டி கட்டியாக. கரண்டியால் தட்டினால் கலகலவென்று உதிரும். அதே பாட்டிலை மூடாமல் ஒரு மழை நாளில் மேஜை மேல் விட்டுப் பாருங்கள்.

நான் விட்டிருக்கிறேன். ஐப்பசி அடைமழை நேரம். எடை போட்டுவிட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய் அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது தராசுத் தட்டின் ஓரம் சிந்தியிருந்த நாலைந்து படிகங்கள் ஈரத்தில் பளபளத்தன. விரலுறை போட்ட விரலால் தொட்டேன், பசக்கென்று ஒட்டியது. மறுநாள் காலையில் பாட்டிலின் மேல் அடுக்கு முழுக்கக் கஞ்சி. கரண்டியை விட்டால் நிற்கும் அளவுக்கு ஒரு கொழகொழப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தானே கரைந்துபோகும் உப்பு இது.

சரி, அடுப்பில் வைத்து உலர்த்திவிடலாமே என்று தோன்றும். தோன்றினாலும் செய்யாதீர்கள். ஹெப்டாஹைட்ரேட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டித் தன் படிக நீரிலேயே உருகிவிடும். இன்னும் சூடாக்கினால் நீர் வெறுமனே ஆவியாகிப் போகாது. லாந்தனத்தோடு வினை புரிந்து, லாந்தனம் ஆக்சிகுளோரைடு என்ற கரையாத பொருளை உண்டாக்கும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் வெளியே வரும். அடுப்பின் உட்புறம் அரிக்கும், உங்கள் மூக்கும் அரிக்கும். நீரற்ற குளோரைடு வேண்டும் என்பவர்கள் அம்மோனியம் குளோரைடு சேர்த்துச் சூடாக்குவது போன்ற தனி முறைகளைக் கையாள்வார்கள். புதியவருக்கு அது வேண்டாத வேலை. நீரற்றது தேவைப்பட்டால் சீல் வைத்த குப்பியாக வாங்கிவிடுங்கள்.

ஆகவே வாங்கியவுடன் செய்ய வேண்டியது இதுதான். பெரிய பாட்டிலை அப்படியே அன்றாட உபயோகத்துக்கு வைக்காமல், இறுக்கமான மூடியுள்ள நாலைந்து சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, அபாயக் குறி ஒட்டி வையுங்கள். ஒன்றை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மற்றவற்றை சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) மூடிவிடுங்கள். மூடிக்கு மேல் பாராஃபின் நாடா ஒரு சுற்று. இதைவிட நல்ல வழியும் இருக்கிறது: வந்த அன்றே மொத்தத்தையும் கரைசலாக ஆக்கிவிடுவது. கரைசலுக்கு ஈரத்தைப் பற்றி என்ன கவலை?

கரைசல் தயாரிக்கும் விதம்

ஹெப்டாஹைட்ரேட்டின் எடையில் 37.4 சதவீதம் லாந்தனம். இந்த ஒரு எண்ணை வைத்து எல்லாக் கணக்கையும் போட்டுவிடலாம். லிட்டருக்கு 50 கிராம் லாந்தனம் உள்ள 5 சதவீதக் கரைசலுக்கு 133.7 கிராம் உப்பு வேண்டும். 10 சதவீதத்துக்கு 267 கிராம். முதல் தடவை என்றால் 250 மில்லி மட்டும் செய்யுங்கள். அதற்கு 33.4 கிராம்.

மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாலும் பக்கவாட்டில் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை, முழுக்கைக் கோட்டு. தராசில் நேராகக் கொட்டாமல், சின்ன பீக்கரை வைத்துப் பூஜ்யமாக்கி அதற்குள் நிறுங்கள். காகிதத்தில் நிறுத்தால் ஈரம் இழுத்து ஒட்டிக்கொண்டு பாதி காகிதத்தோடு போகும். சீக்கிரம் நிறுத்து, உடனே மூடிவிட வேண்டும். 33.4க்குப் பதில் 33.6 வந்துவிட்டதே என்று ஒவ்வொரு படிகமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த நேரத்தில் அது குடிக்கும் ஈரம் அதைவிட அதிகம். தவிர, எடுத்ததைத் திரும்பப் பாட்டிலில் போடுவதே கெட்ட பழக்கம்.

இன்னொரு பெரிய பீக்கரில் 150 மில்லி அயனி நீக்கிய நீரை எடுத்து, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது, நீரில்தான் உப்பு. ஹெப்டாஹைட்ரேட் சாதுவாகக் கரையும். நீரற்றது என்றால் நன்றாகச் சூடு கிளம்பும், சில சமயம் சீறும். தெளிவாகக் கரைந்ததும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லியை ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை வெளியே இழுத்துவிடும் கூண்டு) வைத்துச் சேருங்கள். அமிலம் எதற்கு? காரம் ஏறினால் லாந்தனம் ஹைட்ராக்சைடாக வெளியே வந்துவிடும், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் கார்பனேட் படிவுக்கு வழி செய்யும். அமிலம் இருந்தால் இரண்டுமே நடக்காது. ஆறியதும் 250 மில்லி ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, குறிவரை நிரப்பி, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

கரைசல் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். லேசாகப் பால் ஓடியிருந்தால் மூன்றில் ஒன்று காரணம்: உப்பு பழசாகி ஆக்சிகுளோரைடு சேர்ந்திருக்கும், அமிலம் போதவில்லை, இல்லாவிட்டால் பாத்திரம் சரியாகக் கழுவவில்லை. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஃபாஸ்பேட் கலந்த சோப்புத்தூளில் கழுவி, அரைகுறையாக அலசிய பீக்கர் இதற்கு எமன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வாரம் முழுக்கக் கரைசல் மங்கிக்கொண்டே வந்தது. உப்பைச் சந்தேகித்தோம், தண்ணீரைச் சந்தேகித்தோம், விற்றவரைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் பாத்திரம் கழுவும் இடத்தில் சோப்பு மாறியிருந்தது. அன்றிலிருந்து லாந்தனத்துக்கென்று தனிப் பாத்திரங்கள், 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசியவை.

சில இடங்களில் குளோரைடு வாங்காமல் லாந்தனம் ஆக்சைடை வாங்கி அமிலத்தில் கரைத்துக்கொள்வார்கள். கால்சியம் குறைந்த ஆக்சைடு கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். 250 மில்லி 5 சதவீதக் கரைசலுக்கு 14.66 கிராம் ஆக்சைடு. முதலில் நீர் தெளித்துக் குழைத்துக்கொண்டு, 62.5 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஹூட்டுக்குள் துளித் துளியாக விட வேண்டும். உலர்ந்த தூளில் அமிலத்தை மொத்தமாக ஊற்றினால் பொங்கி முகத்தில் தெறிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை கரைசல் செய்பவர் என்றால் குளோரைடுதான் என் ஓட்டு. ஐநூறு ரூபாய் மிச்சத்துக்காக ஆவி பிடிப்பானேன்?

சரியான திறன் தெரிய வேண்டுமென்றால் எடையை நம்பாமல், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்த்தல் செய்யுங்கள். பி.எச். 5.5 வாக்கில், சைலினால் ஆரஞ்சு காட்டி போட்டால் ஊதா கலந்த சிவப்பிலிருந்து எலுமிச்சை மஞ்சளுக்கு மாறும். ஏ.ஏ.எஸ். வேலைக்கு இந்த அளவுத் துல்லியம் தேவைப்படாது.

கால்சியத்தை மீட்கும் வேலை

ஏ.ஏ.எஸ். என்பது கரைசலைத் தீச்சுடரில் தூவி, அதில் பிரியும் அணுக்கள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகின்றன என்று அளக்கும் கருவி. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955இல் உலகுக்குச் சொன்ன முறை. கால்சியத்தை 422.7 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். காற்று-அசிட்டிலின் சுடரின் வெப்பம் சுமார் 2,300 டிகிரி. கேட்க மிரட்டலாக இருந்தாலும், பாலிலும் மண் சாற்றிலும் இருக்கும் ஃபாஸ்பேட்டுடன் கால்சியம் சேர்ந்து உண்டாகும் கெட்டியான சேர்மத்தை முழுசாக உடைக்க அது போதாது. உடையாத கால்சியம் ஒளியை உறிஞ்சாது. உறிஞ்சாததைக் கருவி இல்லை என்றே எழுதும்.

இந்த இடத்தில் லாந்தனத்தை விட்டால், அது ஃபாஸ்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கால்சியத்தை விடுவிக்கும். அதனால்தான் இதை விடுவிப்பான் என்கிறார்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தெரிந்த அளவு கால்சியம் உள்ள கரைசல் ஒன்றை எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கரைசலில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து அளந்தால் எண் சரியும். அதில் லாந்தனம் சேர்த்து மறுபடி அளந்தால் எண் பழைய இடத்துக்கு ஏறிவரும். பத்து நிமிட வேலை. இதைக் கண்ணால் பார்த்த ஆள் அதற்கப்புறம் லாந்தனம் சேர்க்க மறக்கவே மாட்டார்.

நடைமுறை எளிது. 25 மில்லி ஃப்ளாஸ்க்கில் மாதிரி, 2.5 மில்லி லாந்தனக் கரைசல், மீதி நீர். 5 சதவீதக் கரைசல் என்றால் கடைசியில் 0.5 சதவீதம் லாந்தனம் நிற்கும், பெரும்பாலான வேலைக்கு அது போதும். முக்கியமானது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும், அளவு தெரிந்த தரக் கரைசல்கள் எல்லாவற்றிலும், மாதிரி இல்லாத வெறும் கரைசலிலும் இதே அளவு லாந்தனம் இருக்க வேண்டும். மாதிரியில் மட்டும் ஊற்றிவிட்டுத் தரக் கரைசலில் விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு. மக்னீசியத்துக்கும் இதே ஏற்பாடுதான், 285.2 நானோமீட்டரில்.

கந்தக அமிலம் போட்டுச் செரித்த மாதிரியில் லாந்தனம் சேர்க்குமுன் யோசியுங்கள். லாந்தனம் சல்பேட் அவ்வளவாகக் கரையாது, சூடு ஏற ஏற இன்னும் குறைவாகவே கரையும். ஃப்ளூரைடு, ஆக்சலேட் இரண்டும் அதேபோலத்தான். ஃபாஸ்பேட் மிக அதிகமாக இருந்தால் ஃப்ளாஸ்க்கிலேயே வெள்ளை விழுந்துவிடும். கலங்கிய கரைசலை உறிஞ்ச விட்டால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் மாதிரியை நீர்த்துவிட்டு, அப்புறம் லாந்தனம் சேருங்கள்.

வேலை முடிந்ததும் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஐந்து நிமிடம் வெறும் நீரை உறிஞ்ச விடுங்கள். இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போனால் பர்னரின் நீளப் பிளவில் உப்பு கட்டி, அடுத்த நாள் சுடர் சீப்புப் பல் மாதிரி கிழிந்து எரியும்.

நீச்சல் குளமும் மீன் தொட்டியும்

பாசி வளர ஃபாஸ்பேட் உரம். அதை எடுத்துவிட்டால் பாசி பட்டினி கிடக்கும் என்ற கணக்கில்தான் குளத்துக்கு "ஃபாஸ்பேட் ரிமூவர்" விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது லாந்தனம் சேர்மம்தான். கணக்கு: ஒரு கிராம் ஃபாஸ்பேட்டுக்கு 3.9 கிராம் ஹெப்டாஹைட்ரேட். 50,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபாஸ்பேட் இருந்தால் மொத்தம் 50 கிராம், அதற்கு சுமார் 195 கிராம் உப்பு. கரைத்து, பம்பு ஓடும்போது சுற்றிவர மெதுவாக ஊற்றினால் தண்ணீர் பால் போலாகும். ஒரு நாள், இரண்டு நாள் வடிகட்டி ஓட வேண்டும். அப்புறம் வடிகட்டியைத் திருப்பி அலச வேண்டும். இதெல்லாம் முடியும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், குளோரின் அளவையும் பி.எச். அளவையும் ஒழுங்காக வைத்திருக்கும் குளத்துக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லை. குளோரினைக் கவனிக்காமல் விட்டுவிட்டு லாந்தனத்தை ஊற்றுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. இன்னொன்று, அமிலம் சேர்ந்த லாந்தனக் கரைசலையும் பிளீச்சிங் பவுடர் அல்லது ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பம்பு அறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தை இன்றே மாற்றுங்கள்.

கடல் மீன் தொட்டிக்காரர்களுக்கு அளவு சின்னது, ஆபத்து பெரிது. 400 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஃபாஸ்பேட் என்றால் மொத்தமே 200 மில்லிகிராம், கணக்குப்படி முக்கால் கிராமுக்குச் சற்று மேலே உப்பு. அதை ஒரே நாளில் ஊற்றவே கூடாது. நிறைய நீரில் கரைத்து, 5 அல்லது 10 மைக்ரான் வடிகட்டிப் பைக்குள் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்து, பல நாட்களாகப் பிரித்துக் கொடுங்கள். தினமும் ஃபாஸ்பேட்டை அளந்து பார்த்த பின்தான் அடுத்த வேளை. வெள்ளைத் தூள் பையைத் தாண்டித் தொட்டிக்குள் வந்தால் மீனின் செவுளில் படியும். டேங் வகை மீன்கள் இதைத் தாங்காமல் செத்துப்போவதைத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் சொல்கிறார்கள். கடல் நீரிலிருக்கும் கார்பனேட்டும் கொஞ்சம் லாந்தனத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் காரத்தன்மையையும் கவனியுங்கள்.

நன்னீர் தொட்டியிலும் ஊர்க்குளத்திலும் இதை நேராகக் கொட்டவே வேண்டாம். உப்பும் கார்பனேட்டும் குறைந்த மென்னீரில் லாந்தனம் தனி அயனியாகவே மிதக்கும். நீர்ப்பூச்சிகளுக்கு அது விஷம். ஏரிகளுக்கென்று ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் 1990களில் லாந்தனத்தைக் களிமண்ணில் கட்டிவைத்த ஒரு பொருளை உருவாக்கியது. லாந்தனம் களிமண்ணைவிட்டு அதிகம் கழன்று போகாமல், தேடிவரும் ஃபாஸ்பேட்டை மட்டும் பிடிக்கட்டும் என்பதுதான் அதன் யோசனை.

உடம்பில் பட்டால்

வாய் வழியாகப் போனால் இதன் நச்சு மிதமானதே. குடலில் மிகக் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். சிறுநீரக நோயாளிகளுக்கு ஃபாஸ்பேட்டைக் குறைக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரையே கொடுக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு அலட்சியம் வரக் கூடாது. மருந்தாக இருப்பது கார்பனேட், ஆய்வகத்தில் இருப்பது நன்றாகக் கரையும் குளோரைடு. இரத்தத்துக்குள் போனால் கதை வேறு. லாந்தனம் அயனியும் கால்சியம் அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் செல்களில் கால்சியம் நுழையும் வாசலில் இது போய் அடைத்துக்கொள்ளும்.

பயப்பட வேண்டிய முதல் இடம் கண். கண்ணில் தெறித்தால் கடுமையாகச் சேதப்படுத்தும். கரைசலோ படிகமோ எது விழுந்தாலும் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு 15 நிமிடம் ஓடும் நீரில் அலச வேண்டும். 15 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல், கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். போகும்போது பாட்டிலின் பாதுகாப்புத் தாளை எடுத்துப் போனால் அவருக்கு உதவும்.

தோலில் பட்டால் நீர்விட்டுக் கழுவினால் போதும், கொஞ்சம் எரியும். ஆனால் வெட்டுக்காயம், சிராய்ப்பு இருக்கும் கையோடு இதைத் தொடவே தொடாதீர்கள். தோலுக்கடியில் அருமண் உப்பு போனால் அங்கேயே தங்கிக் கழலை போலக் கட்டும் என்பதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஃபாஸ்பேட் எங்கும் இருக்கிறது, லாந்தனத்துக்குக் கேட்கவா வேண்டும்! காயத்துக்குப் பிளாஸ்டர், அதற்குமேல் கையுறை. முடிந்தால் அன்றைக்கு அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தூளை மூச்சில் இழுப்பது உடனே எதுவும் செய்யாவிட்டாலும் நல்லதல்ல. கார்பன் ஆர்க் விளக்கின் புகையில் பல வருடம் வேலை செய்த சினிமா ஆபரேட்டர்கள், அச்சு பிளாக் செய்பவர்கள் சிலருக்கு நுரையீரலில் அருமண் படிந்து நோய் வந்த பதிவுகள் உண்டு. ஹெப்டாஹைட்ரேட் ஈரப்பசையுள்ள கட்டி என்பதால் அவ்வளவாகப் பறக்காது. நீரற்ற தூளும் ஆக்சைடும் பறக்கும், அவற்றை ஹூட்டுக்குள் வைத்தே எடுங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

சிந்தியதும் மீந்ததும்

சிந்திய படிகத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். அந்த இடத்தை இரண்டு முறை நீரால் துடையுங்கள். தராசுக்கு அடியில் பார்க்க மறக்காதீர்கள். அங்கே ஒளிந்திருக்கும் ஒரு துணுக்கு இரவோடு இரவாக உருகி எஃகுத் தட்டைத் துரு ஏற்றிவிடும்.

மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. வேண்டாம், சாக்கடை போய்ச் சேருவதும் ஏதோ ஒரு குளத்தில்தான். ஒரு பழைய பிளாஸ்டிக் கேனை இதற்கென்றே வையுங்கள். ஏ.ஏ.எஸ். கழிவும், அலசிய முதல் நீரும் அதில் போகட்டும். கேன் முக்கால் நிறைந்ததும், பொங்காமலிருக்க மெதுவாக சோடியம் கார்பனேட் போட்டு அமிலத்தை முறித்து, டிரைசோடியம் ஃபாஸ்பேட் கரைசலைக் கலக்கிக்கொண்டே விடுங்கள். தயிர் திரிவது போல வெள்ளை திரண்டு கீழே இறங்கும். ஓர் இரவு அசையாமல் விட்டு, மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டு ஃபாஸ்பேட் விட்டுப் பாருங்கள். மறுபடி கலங்கினால் லாந்தனம் இன்னும் பாக்கி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலங்காவிட்டால் வடிகட்டிவிடலாம். வடிந்த நீர், மாதிரிகளில் வேறு உலோகம் எதுவும் இல்லை என்று தெரிந்தால் மட்டுமே கழிவுநீர்த் தொட்டிக்குப் போக வேண்டும்.

வடிதாளில் தங்கும் வெள்ளைச் சேறு லாந்தனம் ஃபாஸ்பேட். மணவாளக்குறிச்சி மணலில் லாந்தனம் எந்த உருவில் இருந்ததோ அதே உருவம், தோரியம் மட்டும் இல்லை. உலர்ந்ததும் பையில் போட்டு, பெயரும் தேதியும் எடையும் எழுதி, ஆபத்தான கழிவை எடுக்க அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுங்கள். பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, கையுறையைக் கழற்றுமுன் கேனின் மூடியை இறுக்கியிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.